சாம்பல் என்று நான் எழுதிய மண்

பெஞ்சமின் வாளியைத் தூக்கி, தண்ணீர் முழுவதையும் சுவரில் வீசியடித்தார்.

நான் அப்போது எதிர்ப்பக்கம் குனிந்து, நூல் கட்டிய முளை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் மேற்குச் சுவர் முழுக்கத் தண்ணீர் வழிகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஆறு பேர் கொத்துக்கரண்டியால் சீவிச் சீவி நேராக்கிய சுவர் அது. சேறு ஒரு சின்ன ஓடையாகி என் செருப்பு வரைக்கும் வந்தது.

“இன்னா பெஞ்சமின், இன்னா பண்ணீங்க?” என்றேன்.

“பேஸ் கழுவுனேன் சார்,” என்றார் அவர், வாளியைக் கவிழ்த்து வைத்தபடி. “வேலையத் தொடங்கறதுக்கு முன்னால கழுவ வேணாமா? மிஸ்பயர் கிஸ்பயர் இருந்தா யார் பதில் சொல்றது?”

தங்கச் சுரங்கத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இது விளங்காது. கீழே வெடி வைத்துப் பாறையை உடைத்த பிறகு, அடுத்த ஷிப்ட் ஆள் வந்ததும் முதல் வேலையாகப் பாறை முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவான். வெடிக்காமல் தங்கிவிட்ட மருந்து துளைக்குள் இருந்தால் கண்ணில் படும். கவனிக்காமல் அதன்மேல் துளை போட்டால் ஆள் மிஞ்ச மாட்டான். பெஞ்சமின் முப்பது வருடம் அப்படிக் கழுவியவர். அந்தக் கைக்கு எங்கள் அகழாய்வுச் சுவரும் ஒரு பாறை முகம்தான்.

“வூட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டாரு. இங்க வந்து செவுரு கழுவறாரு,” என்றாள் அவர் மனைவி ஸ்டெல்லா. எல்லோரும் சிரித்தார்கள்.

“இங்க மிஸ்பயர் ஒன்னும் கெடயாது,” என்று நானும் சிரித்தபடி சொன்னேன். அரை மணி நேரம் கழித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடம், அப்பாவின் ஷிப்ட், வெளியூர்க் கல்லூரி, அருங்காட்சியக வேலை என்று எழுதி வந்திருக்கிறேன். எனக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த மண் விளக்கைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேறு எதையாவது எழுதி வாரத்தை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் செய்யப்போவதில்லை.

மக் போட்ட இடத்தில் தேடு

எங்கள் ஊரின் பாலகாட் சுரங்கப் பகுதியைத் தாண்டி, முட்புதர் மண்டிய சரிவு ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே யாரோ அங்கே பொன் தேடித் தோண்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் இப்போது பெங்களூரிலிருந்து வரும் ஒரு குழு ஆராய்கிறது. தலைவி வசுதா. கன்னடக்காரர், நாற்பது வயது இருக்கும். எங்கள் ஊருக்கு வந்து போய்த் தமிழைப் பிடித்துக்கொண்டவர்.

ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு தோண்ட வேண்டும் என்பது வசுதாவின் பிடிவாதம். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் தன்னார்வலர் தேவை என்று தாள் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. பயிற்சி கொடுக்கப் பழைய ஆள் ஒருவர் வேண்டும் என்று அதற்கு முன்பே வசுதா என் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தார். உடனே சரி என்றேன், தாளில் பயிற்சியாளர் என்று என் பெயரையும் போட்டார்கள். என் ஆர்வத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆர்வம் இருந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் இருந்தது. அவர்கள் திறக்கப்போவது நாற்பது வருடத்துக்கும் முன்பு நான் மேற்பார்வை பார்த்துத் தோண்டி, பிறகு மண் போட்டு மூடிய அதே டிரெஞ்ச். அகழாய்வுக்காகச் சதுரமாக வெட்டும் பள்ளத்தை நாங்கள் டிரெஞ்ச் என்றுதான் சொல்வோம். அதன் மேற்குச் சுவர் திறக்கப்படும்போது நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று நினைத்தேன். எதற்காக என்பதை இனி சொல்கிறேன்.

இருபது பேர் வந்தார்கள், ஆறு பேர் நிலைத்தார்கள். அதில் பெஞ்சமினும் ஸ்டெல்லாவும் எட்டு மணி ஆராதனை முடிந்து நேராக வந்துவிடுவார்கள். சுகுணா என்ற அம்மாள் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவர். ஐம்பத்தைந்து வயது. வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயில் பிடிப்பவர், ஏழாவது நாள் எங்களோடு வெயிலில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். மற்ற மூவரும் ஓய்வூதியக்காரர்கள்.

சுரங்கத்து மனிதர்களுக்கு அகழாய்வு கற்றுக்கொடுப்பது தனி அனுபவம். தோண்டுவதில் அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் கீழே அவர்கள் படித்த பாடம் வேறு. கல்லை வைத்துக்கொள், மண்ணையும் தூளையும் மக் என்று தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவிடு. இங்கே அந்த மக்தான் எங்களுக்கு வேண்டியது. எந்தப் பொருள் கிடைத்தது என்பதைவிட எந்த மண்ணில் கிடைத்தது என்பதே அதன் வயதைச் சொல்லும். மேல் அடுக்கு புதியது, கீழ் அடுக்கு பழையது. யாராவது பின்னாளில் மேலிருந்து ஒரு குழி தோண்டி மூடியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அந்தக் குழிக்குள் கிடப்பது எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் புதியதுதான்.

“அப்போ மக்கு தான் தங்கம்னு சொல்லுங்க,” என்றார் பெஞ்சமின் முதல் நாளே. அதைவிடச் சுருக்கமாக என் பேராசிரியர்கள்கூட எனக்குச் சொன்னதில்லை.

இன்னொரு விதியும் வைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. எதைப் பார்த்தாலும் முதலில் அவரவர் நோட்டில் எழுத வேண்டும். நான் அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். மேற்பார்வையாளன் சொன்னதைக் கேட்டு எழுதினால் அது அவன் கண்ணால் பார்த்ததாகிவிடும் என்று அவர்களுக்கு விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே அந்த விதி எவ்வளவு பொருந்தும் என்று அப்போது நான் காட்டிக்கொள்ளவில்லை.

காற்றடிக்கும் மாதங்கள்

இங்கே சயனைடு மேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிச்சமாகும் சக்கையை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் அதன்மேல் ஏறிச் சண்டைக் காட்சி எடுப்பார்கள். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது தகரத் துண்டில் உட்கார்ந்து அதில் சறுக்குவோம். வீட்டுக்கு வந்ததும் அடி விழும்.

ஆடிக் காற்று தொடங்கினால் அந்த மேடு ஊருக்குள் வந்துவிடும். அம்மா வாசலில் ஈரச் சேலையைக் கட்டித் தொங்கவிடுவாள். சோற்றுப் பானையை மூடி, மேலே துணி போட்டு, அதன்மேல் ஒரு தட்டும் வைப்பாள். அப்படியும் முதல் கவளத்திலேயே பல்லில் நறநறக்கும். வெளிர் சாம்பல் நிறம். மாவைப் போல மென்மையாகத் தெரியும், விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கண்ணாடித் தூள்போல் கூர்மை உறைக்கும். வாயில் லேசான புளிப்பு.

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சிட்டிகை கொடுத்தால் போதும், சொல்லிவிடுவான். அடுப்புச் சாம்பல் விரலில் ஒட்டும். சயனைடு மண் ஒட்டாது, உருளும். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து, பதினேழு ஆடிக் காற்றைத் தின்று வளர்ந்தவன் நான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏகாம்பரம்

அந்தப் பழைய அகழாய்வில் எனக்கு இருபத்தேழு வயது. முதுகலைப் பட்டம் கையில் இருந்தது, நிலையான வேலை இல்லை. டைரக்டர் வடக்கிலிருந்து வந்தவர். நல்ல படிப்பாளி, கோபக்காரர். உள்ளூர்ப் பையன், மொழி தெரிந்தவன் என்று எனக்கு ஒரு டிரெஞ்சை ஒப்படைத்திருந்தார்.

என்னிடம் தோண்ட வந்தவர்களில் ஏகாம்பரம் ஒருவர். பாலகாட்காரர், சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் டிரில்லர். மார்பில் பாறைத் தூசு படிந்து, இனி கீழே இறங்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டதால் எங்களிடம் வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். பத்து அடிக்கு ஒருமுறை நின்று இருமுவார். டைரக்டர் பக்கத்தில் இருந்தால் என்னைச் சார் என்பார். தேநீர் குடிக்கும்போது தம்பி.

ஒருநாள் மேற்குச் சுவரை ஒட்டி, ஆள் மார்பளவு ஆழத்தில், ஒரு சின்ன மண் விளக்கு கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும். வாய் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. டைரக்டர் ஓடி வந்தார், மண்டியிட்டார். இந்த ஆழமென்றால் இது ஆதியில் இங்கே பொன் தோண்டியவனின் விளக்கு என்றார்.

விளக்கைச் சுற்றி வெளிர் சாம்பல் நிறத்தில் மண் இருந்தது. இது என்ன என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன்.

உருண்டது.

“ஆஷ், சார்,” என்றேன். அன்றைய குறிப்பேட்டிலும் சாம்பல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், முடிந்ததில்லை. தொட்ட கணமே தெரியும். அது சயனைடு மண். அரவை மில் வந்த பிறகுதான் அந்த மண் இந்த உலகத்திலேயே உண்டானது. அப்படியென்றால் அது பின்னாளில் யாரோ தோண்டி மூடிய குழி. விளக்கு ஏதோ ஒரு லைன் வீட்டுக்காரர்கள் உடைந்துபோனதென்று வீசியது. என் பாட்டன் காலத்துக்கு அப்பால் அது போகாது. ஆனால் டைரக்டரின் முகத்தில் இருந்த வெளிச்சம் என் மேலும் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

மாலையில் தேநீர்க் குவளையோடு ஏகாம்பரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அது மில்லு மண்ணு. கடப்பாரையால தட்டிப் பாத்தேன், தளந்த மண்ணு மாதிரி திக்குனு கேக்குது. மேல இருந்து எவனோ நோண்டி மூடன குழி. வௌக்கு கூட எங்கம்மா வச்சிகினு இருந்த மாதிரியே கீது.”

பார்க்கலாம் என்றேன். அவர் காத்திருந்து பார்த்தார். மறுநாள் காலை, கூலியாட்கள் எல்லோரும் நிற்கும்போது, நேராக டைரக்டரிடமே போய்ச் சொல்லிவிட்டார். டைரக்டருக்குப் பாதி புரிந்தது. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

நான் இரண்டு பொய் சொன்னேன். இந்த ஆள் குடித்துவிட்டு வருகிறார் என்றேன். மேல் மண்ணைக் கவனமில்லாமல் கீழே சரியவிட்டு அடுக்கைக் கலந்துவிட்டவர் இவர்தான் என்றேன். அவர் குடிக்கமாட்டார். அவர் நடையில் இருந்த தள்ளாட்டம் மூச்சு வாங்குவதால் வந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

வெளியே போகும்படி டைரக்டர் கையைக் காட்டினார். ஏகாம்பரம் கடப்பாரையைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோர் முன்னாலும் அன்று தம்பி என்றார்.

“அவுங்க சாம்பல்னு சொல்லட்டும் தம்பி. அவுங்களுக்குத் தெரியாது. நீ சாம்பியன்ல பொறந்தவன். இந்த மண்ண துன்னு வளந்தவன். நீ சொல்லலாமா?”

அறிக்கை வந்தது. விளக்கின் படம் முதல் பக்கத்தில். அந்த அறிக்கையில் இருந்த என் பெயர்தான் எனக்கு அருங்காட்சியக வேலையைத் தந்தது. பணியில் இருந்த காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டி முன் நிறுத்தி, ஆதிப் பொன் தோண்டியவனின் விளக்கு என்று விவரித்திருக்கிறேன்.

குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்ற பேச்சு ஏகாம்பரத்தை விடவில்லை. ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார், அந்தப் பேச்சைச் சொல்லியே திருப்பி அனுப்பினார்கள். சில வருடங்களில் இறந்துபோனார். அப்பா கடிதத்தில் ஒரு வரியில் எழுதியிருந்தார். நான் போகவில்லை.

ஈரம்

இப்போது பெஞ்சமினின் வாளிக்குத் திரும்புகிறேன்.

காய்ந்த மண்ணில் எல்லாம் ஒரே நிறம். சுவரில் மெல்லத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது அகழாய்வில் அடிப்படைப் பாடம்தான். அடுக்குகள் நிறம் பிரிந்து தெரியும். நான்கு வாரமாக அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை. தெரிந்தேதான் நடத்தவில்லை.

வெயில் ஏற ஏறச் சுவர் காய்ந்தது. கெட்டியான பழைய மண் முதலில் வெளுத்தது. ஓரிடம் மட்டும் காயாமல் நின்றது. மேலே தொடங்கி, பானையின் வயிறுபோல் வளைந்து, மார்பளவு ஆழத்துக்கும் கீழே இறங்கி, மறுபடி மேலேறும் ஒரு கோடு. கோட்டுக்குள் வெளிர் சாம்பல் நிறம். நாங்கள் அன்று வெட்டியது பாதிக் குழி, மீதிப் பாதி சுவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

மற்றவர்கள் நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வசுதா அன்று பெங்களூரில். சுகுணா மட்டும் சுவரின் முன் நின்றார். தொழிற்சாலையில் தையலைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, கோட்டின்மேல் விரலைத் தொடாமல் ஓட்டிக்கொண்டே வந்தார்.

“சார், இது இன்னா?”

முதலில் நோட்டில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் விதி அது.

“ஒண்ணுமில்லம்மா. ஈரம்,” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார்.

அன்று மதியம் வீட்டில் ஆறு நோட்டுகளையும் திருத்த உட்கார்ந்தேன். சுகுணாவின் நோட்டில் இப்படி இருந்தது: மேற்குச் சுவரில் வட்டமாக ஒரு கோடு. உள்ளே வேறு மண். சார் ஈரம் என்றார். எனக்கு ஈரமாகத் தோன்றவில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். ஏ. சுகுணா. பிறந்த ஊர் பாலகாட்.

சாம்பியன் ஸ்டேஷன்

மறுநாள் அந்தி நேரத்தில் ஸ்டேஷனில் போய் நின்றேன். பெங்களூர் ரயில் வந்து, நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கினார்கள். சுகுணா என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

நீங்கள் ஏகாம்பரத்தின் மகளா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்போது அவருக்குப் பத்து வயதாம். அப்பா ஒரு நாளும் குடித்துப் பார்த்ததில்லை என்றும், சாகும்வரை அந்தக் குழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். இருமலுக்கு நடுவில், தரையில் விரலால் வரைந்து காட்டுவாராம். பானை வயிறு மாதிரி ஒரு கோடு.

“அப்போ நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தாளுல உங்க பேரப் பாத்துட்டு தான் சார் சேந்தேன்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா சொல்லிடுவீங்களா? நாலு வாரமா பாத்துகினு தான் கீறேன். நேத்து ஈரம்னீங்களே.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“என்கிட்ட வாணாம் சார். அங்க சொல்லுங்க, எல்லார் முன்னாலயும். அவர வெளிய அனுப்புனது எல்லார் முன்னால தானே?”

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். விடியற்காலையில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டும், போகிறேன் என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வசுதாவின் அகழாய்வு அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. மிச்ச நாள் முழுவதையும் அந்த விளக்கு கிடைத்த ஆழத்தை நம்பி மேற்கே தோண்டப்போகிறார். நான் பேசாமல் இருந்தால் என் பொய்யை இன்னொரு அறிக்கை அச்சடிக்கும், இந்த முறை அந்த ஆறு பேரின் கையெழுத்தோடு. அப்படி நடக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். அலமாரியின் அடியிலிருந்து என் பழைய குறிப்பேட்டின் கார்பன் நகலைத் தேடி எடுத்தேன். தாள் மஞ்சளாகியிருந்தது. சாம்பல் என்ற சொல் மட்டும் நேற்று எழுதியதுபோல் இருந்தது.

ஆறு நோட்டு

ஞாயிறன்று எல்லோரையும் சுவரின் முன் உட்காரச் சொன்னேன். வசுதாவும் வந்திருந்தார். நானே தண்ணீர் தெளித்தேன், இந்த முறை முறைப்படி, மெல்லிய தூவலாக. கோடு எழுந்து நின்றது. கோட்டுக்கு உள்ளிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்து, வெயிலில் உலரவைத்து, தட்டில் போட்டு ஆறு பேரிடமும் நீட்டினேன்.

தொட்டுப் பாருங்கள், பேசாமல் எழுதுங்கள் என்றேன்.

ஸ்டெல்லா தேய்த்துப் பார்த்தாள். பெஞ்சமின் நாக்கு நுனியில் வைத்தார், துப்பினார். பென்சில்கள் ஓடின. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். சயனைடு மண். சயனைடு மண்ணு. மில் மண், சயனைடு. ஆறிலும் அதுதான். பிறகு என் மஞ்சள் தாளை எடுத்து, அதே உரத்த குரலில் படித்தேன். மேற்குச் சுவர், விளக்கைச் சுற்றிச் சாம்பல். கீழே என் பெயர், கையெழுத்து.

பெஞ்சமின்தான் மெதுவாகக் கேட்டார்.

“சாம்பியன்ல பொறந்துட்டு, இத்தப் போயி சாம்பல்னு எழுதுனீங்களா சார்?”

“ஆமாம். சயனைடு மண்ணுன்னு தெரிஞ்சே எழுதினேன்.”

மீதியையும் சொன்னேன். அதைச் சரியாகச் சொன்னவர் ஏகாம்பரம், பாலகாட்காரர். அவர் குடிகாரர் என்று நான் சொன்னது பொய். அடுக்கைக் கலந்தார் என்று சொன்னதும் பொய். அவரை இந்த இடத்திலிருந்து வெளியே அனுப்ப வைத்தவன் நான். ஒரு இடத்தில் வார்த்தை தடுமாறியது. நிறுத்தி, மறுபடி அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன்.

வசுதா எழுந்து சுவரருகே போனார். “ஹௌதா சார்?” என்றார் கன்னடத்தில், நிஜமா என்று. பிறகு அந்தக் கோட்டின் ஓரத்தைக் கொத்துக்கரண்டியால் சுரண்டிப் பார்த்தார். “அந்த விளக்க நம்பித்தான் இந்த எடத்தக் கேட்டு வாங்கினேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். நாலு வாரம் போச்சு.”

அவர் கோபம் நியாயமானது. கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி, மேற்கே தோண்டும் திட்டத்தை நிறுத்துகிறேன், முதலில் இந்தக் குழியை முறையாகக் காலி செய்வோம் என்றார். பயிற்சிக்கு இதைவிட நல்ல குழி கிடைக்காது என்றும் சொன்னார். நான் இனி வர வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. சல்லடையை என் கையில் கொடுத்தார்.

இரண்டு ஞாயிறு ஆனது. கோட்டின் ஓரத்தைத் தாண்டாமல், உள்ளே இருந்த மண்ணை மட்டும் எடுத்தார்கள். விளக்கு கிடைத்த ஆழத்துக்கும் ஒரு முழம் கீழே, குழியின் அடியில், நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டின் துண்டு ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட தட்டு அதே வகை. ஸ்டெல்லா கண்டுபிடித்தாள். கையை வைக்காமல் எங்களைக் கூப்பிட்டாள். பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.

அருங்காட்சியகத்துக்கு எழுதினேன், அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அட்டையை மாற்றச் சொல்லி. பதில் இல்லை. இரண்டாவது கடிதமும் போட்டேன். மாற்றும்வரை எழுதுவேன். ஒருவேளை அட்டையில் லைன் வீட்டு விளக்கு என்று வந்தால், அதைப் பார்க்க யாரும் நிற்கமாட்டார்கள். நான் நிற்பேன்.

குழி காலியான அன்று பதிவுத் தாளை நிரப்ப வேண்டியிருந்தது. முதலில் கண்டறிந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பும் வேலையை வசுதா என்னிடமே விட்டார். ஏகாம்பரம், பாலகாட் என்று எழுதினேன். எழுதும்போது சுகுணா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“டிரில்லர்னு போடுங்க சார். கூலின்னு போட்டுடாதீங்க.”

போட்டேன். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து, இடமிருந்து வலமாக இரண்டு முறை, ஒரு நூல் விட்டுப்போகாமல் பார்ப்பதுபோலப் படித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்து ஓரிடத்தைச் சுட்டினார்.

“மு. விட்டுட்டீங்க. எங்க தாத்தா முனுசாமி.”

பெயருக்கு முன்னால் இனிஷியலை எழுதினேன். அவர் இன்னொரு முறை பார்த்தார். தலையசைத்தார். கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு டிரெஞ்சுக்குள் இறங்கினார்.